சமைத்தால் நார்ச்சத்து போய்விடுமா? வாங்குவது முதல் பரிமாறுவது வரை, படிப்படியாக

தண்டையார்பேட்டையில் என்னிடம் சமையல் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டர் சொல்லி வருகிறவர்கள். சர்க்கரை, மலச்சிக்கல், கொழுப்பு என்று காரணம் வேறுவேறாக இருக்கும். சீட்டில் எழுதியிருப்பது ஒன்றுதான்: நார்ச்சத்தைக் கூட்டுங்கள். வந்ததும் கேட்கிற கேள்வியும் ஒன்றுதான். "அக்கா, வேக வெச்சா நார்ச்சத்தெல்லாம் பூடுமாமே, பச்சையாவே துன்னணுமா?"

போகாது. வைட்டமின் சி சூட்டில் அழியும். நார்ச்சத்து அப்படி அழிகிற பொருள் இல்லை. வீட்டு அடுப்பின் சூட்டில் அதன் அளவு பெரிதாகக் குறைவதில்லை, தன்மைதான் மாறுகிறது. அளவு குறைவது கத்தியிலும் சல்லடையிலும் வடிகட்டியிலும்தான். அதனால் அடுப்புக்கு முன்னும் பின்னும் நடக்கிற வேலைகளுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முன்னால் ஒரு படியில் விட்டதைப் பின்னால் அடுப்பில் பிடிக்க முடியாது.

தொடங்குமுன்

சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். பிரஷர் குக்கர், மூடி உள்ள அகலமான சட்டி, காய் தேய்த்துக் கழுவ ஒரு பிரஷ், நல்ல தண்ணீர். இவ்வளவுதான்.

தண்ணீரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. வடசென்னையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதில் உள்ள கால்சியம், காய் பருப்புகளின் தோலை இறுக்கிவிடும். எப்படி என்பதை 4ஆம் படியில் சொல்கிறேன். இப்போதைக்கு, ஊறவைக்கவும் வேகவைக்கவும் மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து வையுங்கள். பாத்திரம் கழுவத்தான் போர் தண்ணீர்.

யார் அவசரப்படக் கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடல் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள், குடலில் சுருக்கம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், சிறுநீரக நோயாளிகள் மூவரும் டாக்டரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பொட்டாசியத்தைக் குறைக்க, காயை வேகவைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்வார்கள். நான் 5ஆம் படியில் அதற்கு நேர்மாறாகச் சொல்லப் போகிறேன். அவர்கள் டாக்டர் சொன்னதையே கேட்கட்டும்.

1. வேகவைக்கும் முன் எடை போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது கணக்கில். பச்சைக் கொண்டைக்கடலைக்கு ஒரு எண், வேகவைத்த கொண்டைக்கடலைக்கு அதைவிட மிகச் சிறிய எண் என்று அட்டவணையில் பார்ப்பார்கள். "பாருங்க, வேகவெச்சா பாதிக்கு மேல போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

போனது எதுவுமில்லை, தண்ணீர் சேர்ந்திருக்கிறது. 50 கிராம் காய்ந்த கடலை ஊறி வெந்தால் 100 கிராமுக்கு மேல் வரும். நார்ச்சத்து அதே அளவுதான், தண்ணீரோடு சேர்ந்து பரவிக் கிடக்கிறது. 100 கிராமுக்கு என்று கணக்கிட்டால் எண் விழத்தான் செய்யும்.

வறுவலில் இது தலைகீழாக நடக்கும். கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கினால் தண்ணீர் வற்றிச் சுருங்கும். 100 கிராமுக்கு நார்ச்சத்து ஏறினாற்போல் தெரியும். அதுவும் கணக்கு மயக்கம்தான்.

எனவே எடை எப்போதும் காய்ந்த பருப்பில், பச்சைக் காயில் போடுங்கள். வெந்ததை மொத்தமாக எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அத்தனையாகப் பங்கிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு 21 கிராம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. கடையிலேயே பாதி முடிந்துவிடும்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலில் சில எண்களைப் பாருங்கள். எல்லாம் 100 கிராமுக்கு, பச்சையாக. முழுப் பச்சைப்பயறில் சுமார் 17 கிராம் நார்ச்சத்து, பாசிப்பருப்பில் சுமார் 9. முழுக் கொண்டைக்கடலையில் 25, கடலைப்பருப்பில் 15. கறுப்பு உளுந்தில் 20, தோல் நீக்கிய உளுந்தில் 12. ஒரே பயறுதான், தோல் போன வித்தியாசம்.

அடுப்பில் நீங்கள் எதைச் செய்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. மில்லில் போன தோலுக்கு முன்னால் குக்கர் விசில் எண்ணிக்கை ஒரு பொருட்டே அல்ல.

அரிசியிலும் இதே கதை. தீட்டிய பச்சரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, புழுங்கலரிசியில் 3.7 அளவில். ரேஷனில் புழுங்கலரிசி போட்டால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கேழ்வரகில் 11. கோதுமை மாவில் 11க்கு மேல், மைதாவில் 3க்கும் குறைவு. காய்களில் பெரும்பாலும் 2 முதல் 5 கிராம் வரை.

இளசா முற்றலா என்று பார்ப்பதும் இந்தப் படியில்தான். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோமே, அதற்குக் காரணம் லிக்னின் என்ற மரத்தன்மையுள்ள நார். காய் முற்ற முற்ற அது கூடும். எந்தச் சூட்டுக்கும் அது இளகாது. முருங்கைக்காயை எத்தனை நேரம் வேகவைத்தாலும் சக்கையைத் துப்பத்தானே வேண்டியிருக்கிறது? அதே லிக்னின்தான். முற்றின வெண்டைக்காயைக் குக்கரில் வைத்து மெத்தென்று ஆக்கிவிடலாம் என்று நினைத்தால் சுற்றியுள்ள சதை கூழாகும், நார் அப்படியே நிற்கும்.

3. தேய்த்துக் கழுவுங்கள், பிறகு நறுக்குங்கள், தோலை யோசித்துச் சீவுங்கள்

நறுக்கிவிட்டுக் கழுவினால், வெட்டின இடத்திலிருந்து தண்ணீரில் கரையும் சத்துகள் வெளியேறும். முதலில் முழுசாகக் கழுவுங்கள்.

பீலரைக் கையில் எடுத்ததும் எல்லாக் காயையும் சீவுகிற பழக்கம் இருக்கிறது. கேரட், உருளை, வெள்ளரி எதுவும் தப்பாது. மண்ணுக்குப் பயந்து சீவுகிறார்கள் என்றால் பிரஷால் தேய்த்தாலே மண் போய்விடும். கேரட், முள்ளங்கி, உருளை, வெள்ளரிக்குத் தோல் சீவ வேண்டாம். உருளையில் பச்சை நிறமோ முளையோ இருந்தால் மட்டும் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறியுங்கள். பீர்க்கங்காயில் வரம்பை மட்டும் சீவி, அந்தத் தோலை மறுநாள் துவையல் அரையுங்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய், கொஞ்சம் புளி, எண்ணெயில் நன்றாக வதக்கிய தோல்: தட்டில் முதலில் காலியாவது அதுதான்.

கீரைக் கட்டில் தண்டைப் பாதியாக ஒடித்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. இலையைவிடத் தண்டில்தான் கடிபடும் நார் இருக்கிறது. முளைக்கீரை, அரைக்கீரைத் தண்டில் மேல்நாரை உரித்துவிட்டுப் பொடியாக நறுக்கி, இலைக்கு 5 நிமிடம் முன்னால் சட்டியில் போடுங்கள். இலையோடு சேர்த்துப் போட்டால் இலை குழைந்த பிறகும் தண்டு நறநறவென்று இருக்கும். வீட்டில் அதை ஒதுக்கி வைத்துவிடுவார்கள்.

வாழைத்தண்டுக்கு மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் கத்திக்கும் நடுவே மெல்லிய நூல் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே போக வேண்டும். "நாரைத்தானே தேடுகிறோம், ஏன் எடுக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். அந்த நூல் தொண்டையில் மாட்டும், மிக்ஸி பிளேடில் சுற்றும். எடை பார்த்தால் ஒன்றுமே இல்லை. நமக்கு வேண்டிய நார் வில்லையின் சதையிலேயே இருக்கிறது. அரிந்ததை மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள், கறுக்காது.

4. ஊறவைப்பது: தோலை இளக்க

முழுப் பயறை ஊறவைப்பதில் இரண்டு வேலை நடக்கிறது. தோலுக்குள் தண்ணீர் போய் உள்ளும் புறமும் ஒரே சமயத்தில் வேகத் தயாராகிறது. வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் தண்ணீரில் இறங்குகின்றன. கொண்டைக்கடலை, மொச்சை, காராமணி எல்லாவற்றையும் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பயறின் செல்சுவர் நார் அதில் போவதில்லை.

ஊறும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்று ஒரு பயம் உண்டு. உண்மை நேர்மாறானது. செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற நார். செங்கல்லுக்கு நடுவே பூசிய சாந்து போல. கால்சியம் அந்தச் சாந்தைக் கெட்டியாக்கும், உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தை விலக்கி இளக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு ஊறவைத்து, கொட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டு வேகவையுங்கள். தோல் உரியாமல் மெத்தென்று வேகும். போர் தண்ணீரில் ஊறவைத்த கடலை கல் மாதிரி நிற்பதன் காரணமும் இப்போது புரிந்திருக்கும்.

தண்ணீரும் சரி, உப்பும் சரி, அப்படியும் வேகவில்லையா? பயறு பழசு. சூடும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறில் பெக்டின் தானாகவே இறுகிவிடும். கடற்கரை ஓரத்தில் வெயில் காலத்தில் இது சீக்கிரமே நடக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

உளுந்து ஊறியதும் தோலைத் தேய்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொட்டுகிறோம். இட்லி வெள்ளையாக வர வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. பாதித் தோலையாவது விட்டு அரையுங்கள். இட்லி சாம்பல் நிறத்தில் வரும், ருசி கெடாது.

5. வேகவைப்பது: அளவான தண்ணீர், மூடிய சட்டி

அடுப்பில் என்னதான் நடக்கிறது? நார்ச்சத்து என்பது ஒரே பொருள் இல்லை. செல்லுலோஸ் கரையாத நார். கொதிநீரும் அதை அசைக்காது, குக்கரும் அசைக்காது. பெக்டின் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்லக் கரையத் தொடங்கும். காய் வேகிறது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பெக்டின் இளகுவதைத்தான். கரையா நாரில் ஒரு பகுதி கரையும் நாராக மாறுகிறது. மொத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அந்த மாற்றத்தால் நஷ்டம் இல்லை. கரைந்த பெக்டின் குழம்பைக் கெட்டியாக்கும், வயிற்றில் உணவை மெல்ல நகர்த்தும். ஆனால் அது தண்ணீரில் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் அதையும் சேர்த்து ஊற்றுகிறோம்.

ஆகவே காய் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடாதீர்கள். சட்டியின் அடியில் கால் அங்குலம் போதும். மூடி போட்டு, தீயைக் குறைத்து, ஆவியில் வேகவிடுங்கள். மிஞ்சினால் ரசத்துக்கோ பருப்புக்கோ ஊற்றிக்கொள்ளுங்கள். பீன்ஸ், கோஸ், கேரட் பொரியலுக்கு இந்த அளவு சரியாக வரும். சுரைக்காய், புடலங்காய்க்கு அதுவும் வேண்டாம். உப்புப் போட்டதும் தானே தண்ணீர் விடும்.

குக்கர் உள்ளே சூடு சுமார் 120 டிகிரி வரை போகும். நார் அழிந்துவிடும் என்று குக்கரை ஒதுக்க வேண்டியதில்லை. பெக்டின் வேகமாக இளகுவதால் மென்மையான காய் உருத்தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான். ஊறிய கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் குக்கர், காய்க்குச் சட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோறு வடிப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கஞ்சியோடு போவது மாவுச்சத்தும் பி வைட்டமின்களும். நார்ச்சத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் கிடையாது. வடித்துச் சாப்பிடுவதா பொங்கிச் சாப்பிடுவதா என்பதை வேறு காரணங்களுக்காக முடிவு செய்யுங்கள்.

ஆப்ப சோடா மட்டும் வேண்டாம். கடலை சீக்கிரம் வேகவும், கீரை பச்சையாக இருக்கவும் ஒரு சிட்டிகை போடுகிறார்கள். காரத்தன்மையில் பெக்டினும், ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு செல்சுவர் நாரும் வேகமாகக் கரைந்து தோல் கழன்றுவிடும். பி1 வைட்டமின் அழிந்துபோகும். நன்றாக ஊறிய பயறுக்குச் சோடாவே தேவைப்படாது.

இன்னொன்று: வேகவைத்தால் அதிகம் சாப்பிட முடிகிறது. ஒரு கட்டுக் கீரை வதங்கினால் ஒரு கிண்ணம். பச்சைக் கோஸ் ஒரு கைப்பிடிக்கு மேல் இறங்காது, கூட்டாகச் செய்தால் அதே ஆள் ஒரு கப் சாப்பிடுவார். நார்ச்சத்தைக் கூட்ட நினைப்பவருக்குச் சமைத்த காய்தான் நடைமுறை.

6. புளி எப்போது?

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் தக்காளியின் புளிப்பும் பெக்டின் கரைவதைத் தடுக்கும். பருப்பு வேகும் முன் புளி விட்டால், அதற்குப் பிறகு எத்தனை நேரம் கொதித்தாலும் பருப்பு விறைத்தே நிற்கும். பருப்பு வெந்து, காய் வெந்து, அதன் பிறகு புளி. சாம்பாருக்கு இதுவே வரிசை.

காரணம் தெரிந்துவிட்டால் அதை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காய் உடையாமல் முழுசாக நிற்க வேண்டும் அல்லவா? வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கியதும் கத்திரிக்காயைப் போட்டு இரண்டு பிரட்டுப் பிரட்டி உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். புளிப்பில் மெதுவாக வெந்து உருவம் கெடாமல் நிற்கும். வெண்டைக்காயும் அப்படித்தான், வழவழப்பும் புளியில் அடங்கும். அந்த வழவழப்பு ஒரு கரையும் நார், கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் குழம்பில்தான் இருக்கிறது.

அதே குழம்பில் மொச்சை போடுவதானால் அதைத் தனியாகக் குக்கரில் மலர வேகவைத்து, புளி கொதித்த பிறகு சேருங்கள். ஊறவைத்த மொச்சையை நேராகப் புளிக்குள் போட்டால், கருவாடு கரைந்த பிறகும் மொச்சை பல்லுக்கு எதிர்த்து நிற்கும். இந்த ஒரு குழம்பில் காய், பயறு, புளி மூன்றின் வரிசையும் பிடிபட்டுவிட்டால் மற்ற குழம்புகளுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

7. அரைக்கலாம், வடிகட்டாதீர்கள்

மிக்ஸியில் அரைப்பதால் நார் காணாமல் போவதில்லை, துகள் சிறிதாகிறது. வடிகட்டியில் போட்டு பிழிந்து சக்கையை எறியும்போதுதான் போகிறது. கேரட் ஜூஸ், பீட்ரூட் ஜூஸ், நெல்லிக்காய் ஜூஸ் என்று காலையில் குடிப்பவர்கள் சக்கையைக் குப்பையில் போட்டுவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கிறார்கள். தேங்காயும் அப்படித்தான். குழம்புக்கு அரைத்த தேங்காய் ஊற்றினால் நார் இருக்கும். தேங்காய்ப் பால் எடுத்தால் சக்கையோடு போய்விடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முழுக் கடலையும் அதை அரைத்த மாவும் எடையில் ஒரே நார்ச்சத்து உள்ளவையாக இருக்கலாம், வயிற்றில் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. முழுக் கடலையில் மாவுச்சத்து செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கும், மெல்லச் செரிக்கும். மாவாக்கினால் சுவர் உடைந்து வேகமாகச் செரிக்கும். சர்க்கரை நோயாளிகள் பஜ்ஜி மாவைவிடச் சுண்டலையே பார்க்க வேண்டும்.

கேழ்வரகை மில்லில் கொடுக்கும்போது "சலிக்காம குடுங்க" என்று சொல்லுங்கள். வீட்டிலும் சலிக்க வேண்டாம், கல் மண் பார்த்துப் புடைப்பது அரைக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றுகிற கூழை வருடம் முழுக்க வீட்டில் காய்ச்சலாம். மாவை முந்தின நாள் இரவே பச்சைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்க வையுங்கள். காலையில் நொய்யைக் குழைய வேகவைத்து, புளித்த கரைசலை மெல்ல ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். காய்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் வெளிப்புறம் உடனே வெந்து கட்டியாகி உள்ளே மாவு பச்சையாக நிற்கும். 40 கிராம் மாவுக்கு நாலரை கிராம் நார்ச்சத்து கிடைக்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது குறையாது.

8. மீன் வாங்கும் நாள்

காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் எப்படி? சாப்பிடுங்கள். ஆனால் மீன், இறால், நண்டு, முட்டை, கறி எதிலும் நார்ச்சத்து துளியும் கிடையாது. வறுத்தாலும் இல்லை, குழம்பு வைத்தாலும் இல்லை. மீன் முள்ளை நார் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அது கால்சியம். மீன் குழம்பு, வறுத்த மீன், வெள்ளைச் சோறு என்று முடிகிற ஞாயிற்றுக்கிழமைத் தட்டில் மொத்தமே 4, 5 கிராம்தான் தேறும்.

குழம்புக்குள்ளேயே காயை வையுங்கள். மாங்காய், முருங்கைக்காய், கத்திரிக்காய் மூன்றும் மீனுக்கு ஒத்துப்போகும். காய் முக்கால் பதம் வெந்து புளி பச்சை வாசனை போன பிறகே மீன் துண்டு இறங்க வேண்டும். மீனுக்கு 10 நிமிடம் தாராளம், காய்க்கு அது போதாது. மீனுக்குப் பிறகு காய் போட்டால் ஒன்று காய் நறுக்கென்று இருக்கும், இல்லை மீன் உடைந்து குழம்பில் கரைந்திருக்கும். பக்கத்தில் கோஸ் பொரியலோ கீரையோ ஒன்று கட்டாயம்.

பர்மா பஜார் பக்கம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நூடுல்ஸ் மைதா. அதோடு தரும் வாழைத்தண்டு சூப்பில் நார் இருப்பது தண்டுத் துண்டுகளில். சூப்பை மட்டும் உறிஞ்சிவிட்டுத் துண்டைக் கிண்ணத்தில் விட்டுவிடாதீர்கள். கோஸ் கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்கள், போடுவார்கள்.

9. சோற்றை ஆறவைப்பது

வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும். அங்கே அது நார்ச்சத்தைப் போல வேலை செய்யும். சமையலால் நார் கூடுகிற அபூர்வமான இடம் இது. 2015இல் வெளிவந்த ஓர் இந்தோனேசிய ஆய்வில், அப்போது வடித்த சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் இருந்த இந்த மாவுச்சத்து, 4 டிகிரியில் 24 மணி நேரம் குளிரவைத்துச் சூடாக்கிய பிறகு 1.65 ஆக இருந்தது.

எண்ணைக் கவனியுங்கள்: கூடியது ஒரு கிராம். நல்லதுதான், ஆனால் ஒரு கைப்பிடி சுண்டல் அதைவிடப் பல மடங்கு தரும். ஃபிரிட்ஜில் வைத்த சோற்றை நம்பிக் காயைக் குறைக்க வேண்டாம். பழைய சோற்றுக்கும் இந்தக் குணம் உண்டு, கூடவே புளிப்பதால் வரும் நுண்ணுயிர்கள். பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோய்க்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று ஆராய்ச்சியே எடுத்துச் செய்தார்கள்.

பாதுகாப்பு முக்கியம். ஆறவைக்கிறேன் என்று சோற்றை மேடையிலேயே பல மணி நேரம் விடக் கூடாது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளரும், அது உண்டாக்கும் விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். பழைய சோறு என்றால் மூழ்க நல்ல தண்ணீர் ஊற்றி மூடி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். கெட்ட வாடையோ நூல் விடுவதோ தெரிந்தால் எறிந்துவிடுங்கள்.

10. எவ்வளவு வேகமாகக் கூட்டுவது

காலையில் 40 கிராம் மாவில் கூழ், மதியம் 150 கிராம் புழுங்கலரிசியில் வடித்த சோறும் 150 கிராம் காயும், மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல். கூழில் நாலரை, சோற்றில் ஐந்தரை, காயில் ஐந்து, சுண்டலில் பன்னிரண்டரை. 25ஐத் தாண்டிவிட்டது, மாத்திரையும் பொடியும் இல்லாமல்.

ஆனால் இதை நாளைக்கே முழுசாகத் தொடங்கினால் வயிறு உப்பும். இரண்டாம் நாளே "ஒத்துக்கல" என்று விட்டுவிடுவார்கள். பெருங்குடல் நுண்ணுயிர்கள் புது உணவுக்குப் பழக அவகாசம் வேண்டும். முதல் வாரம் காயை மட்டும் கூட்டுங்கள். இரண்டாம் வாரம் கூழைச் சேருங்கள். மூன்றாம் வாரம் சுண்டல், அதுவும் 20 கிராம் கடலையில் தொடங்கி, நாலைந்து நாளுக்கு ஒரு முறை பத்துப் பத்து கிராமாக ஏற்றுங்கள். தண்ணீரும் கூட வேண்டும். நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் மோசமாகும்.

ஏதாவது ஒரு வாரத்தில் வயிறு கனத்துப் போனால் மொத்தத்தையும் நிறுத்த வேண்டாம். அதற்கு முந்தின அளவுக்கு இறங்கி, மூன்று நாள் அங்கேயே இருந்துவிட்டு மறுபடி ஏறுங்கள். வலி, வாந்தி, மலத்தில் ரத்தம் என்றால் அது நார்ச்சத்தின் வேலை இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.